அனுமதி பெறாத மழை

ஆம்பூர் மஹபூப் பாஷாவுக்குத் தொழிலில் போட்டிக்காரர்கள் பலர் உண்டு. ஆனால் விரோதி ஒன்றே ஒன்றுதான். அது மழை.

பாலாற்றங்கரையில் அவருக்கு ஒரு தோல் ஷாப் இருந்தது. தோல் பதப்படுத்த ஆவாரம் பட்டை வேண்டும். வண்டி வண்டியாக வந்து இறங்கும் பட்டையை வெட்டவெளியில் மலைபோல் குவித்து வைப்பார்கள். அது நனைந்தால் சாரமெல்லாம் இறங்கி வெறும் விறகாகிவிடும். கொடியில் காய்கிற தோல் நனைந்தால் புள்ளி விழுந்துவிடும். சென்னைப் பட்டணத்து ஏஜெண்டு அதைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். எனவே மஹபூப் பாஷா வருஷத்தில் பாதி நாள் தோலைப் பார்ப்பதை விட்டு ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படியிருக்கையில், 1930ஆம் வருஷம், வேலூர் கொரனேஷன் காலேஜில் பி.ஏ. வகுப்புக்கு வானிலை சாஸ்திரம் என்று ஒரு பாடம் புதிதாக ஏற்பட்டிருப்பதாகப் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. மஹபூப் பாஷா அதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அப்புறம் இண்டர்மீடியட் முடித்துவிட்டு வீட்டில் இருந்த மகன் ஆபித்தைக் கூப்பிட்டார்.

“பேட்டா, நம்ம வம்சத்துல தோல் தெரிஞ்சவன் ஜாஸ்தி. மழை தெரிஞ்சவன் ஒருத்தன் கூட இல்ல. நீ போய்ப் படிச்சிட்டு வா.”

தாயார் முனவ்வர் பேகம் கேட்டாள்: “மழை எப்போ வரும்னு அல்லாவுக்கு மட்டும்தானே தெரியும்?”

“வேலூர்ல ஒரு புரொபசருக்கும் தெரியுதாம். விளம்பரத்துல போட்டிருக்கான்” என்றார் மஹபூப் பாஷா.

ஆபித் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, பஸ் பிடித்து வேலூர் போய்ச் சேர்ந்தான்.

வகுப்பில் மொத்தம் நான்கு பேர். ஆபித்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் ஒடுகத்தூரில் வேர்க்கடலை விவசாயம் செய்யும் குடும்பத்துப் பையன், பெயர் சீனிவாசன். புரொபசர் கோதண்டபாணி கறுப்புக் கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையுமாக உள்ளே வந்தார். வந்ததும் முதல் காரியமாக ஜன்னல்களையெல்லாம் சாத்தச் சொன்னார்.

“வானிலை சாஸ்திரத்துக்கு மனம் ஒருமைப்பட வேண்டும். வெளியே பார்த்தால் கவனம் சிதறும்” என்றார்.

பாடப் புத்தகம் ஸ்காட்லாந்தில் ஒருவர் எழுதியது. உறைபனிக்கு எட்டு அத்தியாயம். மூடுபனிக்கு ஆறு அத்தியாயம். பனிக்கட்டியின் மேல் வழுக்கி விழாமல் நடப்பதைப் பற்றி ஓர் அனுபந்தம். பருவ மழைக்குக் கடைசியில் அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தது. அந்த அரைப் பக்கத்தைப் பரீட்சைக்கு வேண்டியதில்லை என்று சர்வகலாசாலை தள்ளியிருந்தது.

ஆபித் எழுந்து கேட்டான்: “சார், பாலாத்துல வெள்ளம் வர்றது எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“பாலாறு சிலபஸில் இல்லை, மிஸ்டர் ஆபித். தேம்ஸ் இருக்கிறது, வேண்டுமானால் கேளும்.”

சீனிவாசன் இதையும் நோட்டில் எழுதிக்கொண்டான்.

கருவிகளைப் பார்க்கும் நாளும் வந்தது. மழை அளக்கும் செப்புப் பாத்திரம் தாழ்வாரத்தில், கூரைக்கு அடியில், ஒரு முக்காலியின் மேல் இருந்தது. வெளியில் வைத்தால் நனைந்து களிம்பேறிவிடும் என்று பிரின்சிபால் உத்தரவு. தினம் காலை எட்டு மணிக்குப் பியூன் அதை எட்டிப் பார்த்து, “இல்லை” என்று உரக்கச் சொல்லுவான். புரொபசர் பதிவேட்டில் “இல்லை” என்று எழுதிக் கையெழுத்திடுவார். ராத்திரி பெய்த மழையால் முழங்கால் அளவு தண்ணீரில் நடந்து வந்த மாணவர்கள் வேட்டியைப் பிழிந்தபடி இதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

பாரோமீட்டர் பிரின்சிபால் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. லண்டனிலிருந்து வந்த விலை உயர்ந்த சாமான். மாணவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை வரிசையாக வந்து, செருப்பை வெளியே விட்டு, ஆறடி தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போகலாம்.

ஒரு சமயம் மேகங்களை நேரில் ஆராய்வதற்காகப் புரொபசர் அவர்களை ஏலகிரி மலைக்கு அழைத்துப் போனார். மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு பெரிய மேகம் வந்து எல்லாரையும் மூடிக்கொண்டது. புரொபசர் குரல் மட்டும் கேட்டது, புரொபசரைக் காணவில்லை.

“சார், மேகத்துக்குள்ளேயே வந்துட்டோம் சார்!” என்று ஆபித் கத்தினான்.

“புத்தகப்படி மேகம் என்பது பார்ப்பவனுக்கு மேலே இருக்க வேண்டும். நம்மைச் சுற்றி இருப்பது மேகமாக இருக்க முடியாது” என்றது குரல்.

அரை மணி நேரம் நனைந்துவிட்டுக் கீழே இறங்கினார்கள். “மேகம் எதுவும் தென்படவில்லை” என்று அறிக்கை எழுதினார்கள். சீனிவாசன் எழுதிய அறிக்கைக்குப் பரிசு கிடைத்தது.

ஆபித் அந்த வருஷத்தோடு படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போயிருப்பான். போகாததற்குக் காரணம் அந்தப் பாரோமீட்டர்தான். இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் அதன் கண்ணாடிப் பெட்டியைத் தினமும் துடைக்க ஒரு மாணவன் வேண்டியிருந்தது. பியூன் மறுத்துவிட்டான், உடைந்தால் பழி அவன் தலையில் விழும். ஆகவே அந்த வேலைக்கு ‘கௌரவ வானிலை அப்சர்வர்’ என்று பெயர் வைத்து ஆபித்துக்குக் கொடுத்தார்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, கையில் ஒரு துணியோடு அவன் பாதரசத்தின் முன் நின்றான்.

நின்றவன் பார்த்தான். பார்த்ததை ஒரு சின்ன நோட்டில் எழுதினான். ஒரு மாதத்தில் அவனுக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. பாதரசம் தினமும் காலை பத்து மணி வரைக்கும் மெல்ல ஏறுகிறது, சாயங்காலம் நாலு மணிக்கு இறங்குகிறது, மறுபடியும் ஏறுகிறது. ஏதோ ஒரு பெரிய பிராணி தூங்கிக்கொண்டே மூச்சு விடுவது போல. ஸ்காட்லாந்துக்காரர் இதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. ஆபித்துக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றையிலிருந்து அவன் ஹாஸ்டல் மாடியில் ஏறிக் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, மேகம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குறிக்க ஆரம்பித்தான். கல்லூரியில் வானிலை சாஸ்திரம் இப்படியாகத் திருட்டுத்தனமாக நுழைந்தது.

நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பாதரசம் ஏறவில்லை. புதன்கிழமையும் ஏறவில்லை. கால் அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தது. காற்று வடக்கே திரும்பி விட்டு விட்டு அடித்தது. கிழக்கே ஆகாயம் தாமிர நிறமாக இருந்தது. ஆபித் நோட்டை எடுத்துக்கொண்டு புரொபசர் வீட்டுக்கு ஓடினான்.

“சார், கடல்ல புயல் கிளம்பியிருக்கு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பெருமழை வந்துடும். எல்லாருக்கும் சொல்லணும் சார்.”

கோதண்டபாணி நோட்டைப் புரட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கணம் என்னவோ வந்து போனது; இளவயதில் அவரும் எதையோ இப்படி எழுதி வைத்திருந்திருக்கலாம். அப்புறம் நோட்டை மூடினார்.

“கல்லூரி வெளியிடும் இந்த மாதத்து வாராந்தர வானிலை அறிக்கை நாலும் போன மாதமே அச்சாகிவிட்டது, மிஸ்டர் ஆபித். இந்த வாரம் ‘வானம் தெளிவாக இருக்கும்’ என்று போட்டிருக்கிறது. பிரின்சிபால் கையெழுத்திட்டாகிவிட்டது.”

“அப்போ பிரின்சிபாலைப் பாக்கறேன் சார்.”

பிரின்சிபால் ராவ் பகதூர் ராமமூர்த்தி பெரிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஆபித் சொன்னதை முழுதும் பொறுமையாகக் கேட்டார். பிறர் சொல்வதைக் கேட்பதற்கு ராவ் பகதூரிடம் அளவற்ற பொறுமை உண்டு.

“தம்பி, நீ இளைஞன். உனக்கு நிர்வாகம் தெரியாது. மழை வரும் என்று நாம் சொல்லி, வராமல் போனால் கல்லூரிக்கு அவமானம். வராது என்று சொல்லி, வந்துவிட்டால் அது மழையின் தவறு. அதற்கு நாம் ஜவாப்தாரி அல்ல. இருபத்தெட்டு வருஷமாக இந்த மாதிரி யோசித்துத்தான் நான் இந்த நாற்காலிக்கு வந்திருக்கிறேன்.”

“பாரோமீட்டர் இறங்கிட்டே இருக்கு சார்.”

ராவ் பகதூர் எழுந்து போய்க் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். கையிலிருந்த அச்சடித்த அறிக்கையைப் பார்த்தார். மறுபடியும் பெட்டியைப் பார்த்தார்.

“ஆமாம், இரண்டுக்கும் ஒத்துவரவில்லை” என்று ஒப்புக்கொண்டார். மணியை அடித்தார். பியூன் வந்தான். “பாரோமீட்டர் கெட்டுவிட்டது. சாக்கில் சுற்றி, ரிப்பேருக்குச் சென்னைக்கு அனுப்பு.”

ஆபித் அன்று மாலையே காட்பாடியில் ரயில் ஏறினான். அப்சர்வராக இருப்பவன் அனுமதியின்றி ஊரை விட்டுப் போகக்கூடாது என்பது விதி. அது அவனுக்குத் தெரியும்.

மறுநாள் பொழுது விடிந்ததும் தகப்பனாரோடு தோல் ஷாப்புக்குப் போனான். முற்றம் நிறையப் புதுப் பட்டை. கொடி நிறையத் தோல். அறுபது பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆற்று மணலை ஒட்டி அவர்களுடைய குடிசைகள் வரிசையாக இருந்தன.

“அப்பாஜான், எல்லாத்தையும் மூடணும். தோலை எடுத்து மேட்டு கிடங்குல போடணும். குடிசையில இருக்கறவங்களையும் மேல ஏத்தணும். இன்னைக்கு மத்தியானமே மழை பிடிச்சிக்கும்.”

மஹபூப் பாஷா மகனைப் பார்த்தார், மேலே பார்த்தார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆபீஸ் அறைக்குள் போய், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்த ஒரு காகிதத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். கல்லூரியின் வாராந்தர அறிக்கை.

“வானம் தெளிவா இருக்கும்னு உன் பிரின்சிபால் கையெழுத்து போட்டிருக்காரு. ராவ் பகதூர்! நீ இன்னா, இன்னும் பாஸ் கூட ஆவல.”

“அது போன மாசம் அச்சடிச்சது, அப்பாஜான்.”

“போன மாசமே தெரிஞ்சிருக்குன்னா எவ்ளோ பெரிய படிப்பு அது!”

“அவங்க யாரும் வெளியவே பாக்கறதில்ல. ஜன்னலைச் சாத்திட்டுதான் பாடமே. நான் நாலஞ்சு மாசமா தினமும் பாத்துட்டு வர்றேன். அந்தப் பாதரசம் ஒரு நாளும் பத்து மணிக்கு ஏறாம இருந்ததில்ல. ரெண்டு நாளா ஏறல. எனக்கு பயமா இருக்கு, அப்பாஜான்.”

பட்டை மேஸ்திரி ராஜம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். “இன்னா மொதலாளி, எங்க குடிசை போய்டுமா?” என்றாள். கைக்குழந்தையோடு அவள் மகள் அந்தக் குடிசையில்தான் படுத்திருந்தாள்.

மஹபூப் பாஷா கையிலிருந்த சட்டம் போட்ட காகிதத்தையும் கொடியில் காய்ந்த தோலையும் மாறி மாறிப் பார்த்தார். வேலையை நிறுத்தினால் கப்பலுக்குப் போகவேண்டிய சரக்கு பிந்தும். பக்கத்து ஷாப்காரர்கள் சிரிப்பார்கள்.

“கையெழுத்துப் போட்டவன் பயந்து போட்டா மாதிரி தெரியல” என்றார் கடைசியில். “நீ பயப்படற. அதான் உன்னை நம்பறேன். ராஜம்மா! எல்லாரையும் கூப்பிடு. மொதல்ல குடிசைங்களைக் காலி பண்ணுங்க. அப்புறம் தோலு.”

பக்கத்து ஷாப்காரர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு மழை சத்தத்தில் அவர்கள் சிரிப்பது கேட்கவில்லை.

மழை மறுநாள் சாயங்காலம்தான் விட்டது. மணல் தவிர வேறொன்றும் காணாத பாலாறு இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. கரையோரத்து ஷாப்புகளின் பட்டையெல்லாம் அதில் கரைந்து, ஆறு தேத்தண்ணீர் நிறத்தில் போயிற்று. ஆற்றோரக் குடிசைகள் இருந்த இடம் தெரியவில்லை. குடிசைவாசிகள் நூற்றுச் சொச்சம் பேரும் மஹபூப் பாஷாவின் கிடங்கில், தோல் நாற்றத்தின் நடுவே, முனவ்வர் பேகம் வடித்து அனுப்பிய சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ராஜம்மாளின் பேத்தி நிம்மதியாகத் தூங்கியது.

ஆபித் வேலூருக்குத் திரும்பியபோது அவனுக்கு ஒரு நோட்டீஸ் காத்திருந்தது. மூன்று பேர் கொண்ட விசாரணைக் கமிட்டி. தலைமை ராவ் பகதூர். அறைக்குள்ளேயே கூரை ஒழுகிக்கொண்டிருந்ததால் அங்கத்தினர்கள் குடை பிடித்தபடி விசாரித்தார்கள்.

“வியாழக்கிழமை மழை பெய்தது என்று நீர் ஊரெல்லாம் சொல்லி வருகிறீராமே?”

“பெஞ்சுது சார்.”

ராவ் பகதூர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். வியாழன்: இல்லை. வெள்ளி: இல்லை. “தாழ்வாரத்திலிருந்த பாத்திரத்தில் ஒரு சொட்டு இல்லை. ஆகவே அந்த மழை இந்தக் கல்லூரியின் அனுமதி பெறாத மழை. மேலும் பட்டம் பெறாத ஒருவர் முன்னறிவிப்புச் செய்திருக்கிறார். இன்றைக்கு ஒருவர் படிக்காமல் மழையைச் சொன்னால், நாளைக்கு எல்லாரும் சொல்வார்கள். அப்புறம் நாங்கள் எதற்கு?”

மற்ற இரண்டு அங்கத்தினர்களும் குடையோடு சேர்த்துத் தலையை ஆட்டினார்கள்.

ஆபித்தைக் கல்லூரியை விட்டு நீக்குவதென்று எழுதத் தொடங்கிய நேரத்தில், ஜில்லா அதிகாரி ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. “தங்கள் கல்லூரி மாணவர் ஒருவரின் எச்சரிக்கையால் ஆம்பூரில் பல உயிர்கள் தப்பியதை அறிந்து மகிழ்கிறேன். இத்தகைய போதனை அளிக்கும் பிரின்சிபாலை நேரில் பாராட்ட விரும்புகிறேன்.” ராவ் பகதூர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கமிட்டி கலைந்து, அதே அங்கத்தினர்களோடு, அதே குடைகளின் கீழே, பாராட்டு விழாக் கமிட்டியாக மறுபடியும் கூடியது. ஆபித்துக்கு வெள்ளிப் பதக்கம் கொடுப்பது என்று முடிவாயிற்று. அதற்கு முன், பட்டம் வாங்கும் வரை வாயாலோ எழுத்தாலோ சைகையாலோ வானிலையைப் பற்றி எந்தக் கருத்தும் தெரிவிப்பதில்லை என்று அவனிடம் எழுதி வாங்கிக்கொள்வது என்று தீர்மானம் ஆயிற்று. ஆபித் கையெழுத்துப் போட்டான். பட்டம் வாங்க இன்னும் நாலே மாதம் இருந்தது.

அன்று சாயங்காலம் புரொபசர் கோதண்டபாணி ஹாஸ்டலுக்கே வந்துவிட்டார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“மிஸ்டர் ஆபித், வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் பெண் தேவகிக்குக் கல்யாணம். பந்தலுக்குக் கீற்று போதுமா, தகரம் போடலாமா?”

“நான் எழுதிக் கொடுத்திருக்கேன் சார். பேசக்கூடாது.”

“பேச வேண்டாம். தலையை மட்டும் ஆட்டும்.”

“சைகையும் கூடாதுன்னு இருக்கு சார்.”

புரொபசர் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே உற்றுப் பார்த்தார். “நீர் கண் கொட்டியதை நான் கவனித்தேன். தகரமே போட்டுவிடுகிறேன். ரொம்ப நன்றி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

விழா கல்லூரி மைதானத்தில் நடந்தது. வேலூரிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் கூட்டம் வந்திருந்தது. பட்டையை ஆற்றில் விட்ட ஷாப்காரர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மேடையையும் பார்க்கவில்லை, மேலேயும் பார்க்கவில்லை. ஆபித்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜில்லா அதிகாரி ஆபித்தின் சட்டையில் பதக்கத்தைக் குத்திவிட்டு உட்கார்ந்தார். அப்புறம் ராவ் பகதூர் பேசினார். “இந்த வெற்றி யாருடையது? சிலர் மாணவருடையது என்கிறார்கள். அந்த மாணவர் எங்கே உட்கார்ந்து படித்தார்? எங்கள் பெஞ்சியில். எந்தப் பாரோமீட்டரைப் பார்த்தார்? நான் ரிப்பேருக்கு அனுப்பிய பாரோமீட்டரை. மழை வரும் என்பதை முன்கூட்டி அறிந்தே நான் அந்த விலை உயர்ந்த கருவியைப் பத்திரமாகச் சென்னைக்கு அனுப்பினேன் என்பதை இந்தச் சபையில் இப்போதுதான் வெளியிடுகிறேன்…”

இந்த மாதிரி ஒரு மணி நேரம் ஆயிற்று. வெயிலில் ஆபித்துக்குத் தொண்டை வறண்டது. தாழ்வாரத்தில் ஒரு தண்ணீர்ப் பானை இருந்தது. அவன் மெதுவாக எழுந்தான்.

“பாஷா புள்ள எழுந்துட்டான்!” என்று முதல் வரிசையில் ஒருவர் சொன்னார்.

அவன் தாழ்வாரத்தைப் பார்த்து நடந்தான்.

“கூரைக்கு அடியில போறான்யா! வந்துடுச்சு!”

அவ்வளவுதான். முதல் வரிசை எழுந்தது. அதைப் பார்த்து இரண்டாம் வரிசை எழுந்தது. மொத்த மைதானமும் நாற்காலிகளைத் தள்ளிவிட்டுத் தாழ்வாரத்துக்கு ஓடியது. ஜில்லா அதிகாரி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மோட்டாருக்குள் புகுந்தார். கோதண்டபாணி தலைப்பாகை அவிழ ஓடி, மழைப் பாத்திரம் வைத்த முக்காலிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டார். வெறும் நாற்காலிகளைப் பார்த்து ராவ் பகதூர் மட்டும் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு வித்தியாசம் தெரிய ஐந்து நிமிஷம் பிடித்தது. அவரும் ஒரு தடவை மேலே பார்த்தார். இருபத்தெட்டு வருஷத்தில் அது முதல் தடவையாக இருக்கலாம். அப்புறம் அவரும் ஓடி வந்தார்.

ஆபித் தண்ணீர் குடித்து முடித்துத் திரும்பியபோது, ஆயிரம் பேர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சாயங்காலம் வரைக்கும் ஒரு தூறல் கூட இல்லை.

மறுநாள் அவனுக்கு உத்தரவு வந்தது. “எழுந்து நின்றதன் மூலம் முன்னறிவிப்புச் செய்தமைக்காகவும், அம்முன்னறிவிப்புத் தவறாக முடிந்தமைக்காகவும் தாங்கள் கல்லூரியிலிருந்து நீக்கப்படுகிறீர்கள். பதக்கத்தைத் திருப்பி அனுப்பவும்.”

பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கும்போது ட்ரங்குப் பெட்டியோடு ஆம்பூரில் போய் இறங்குவது ஆபித்துக்கு லேசாக இல்லை. தோல் ஷாப்பில் தகப்பனாரிடம் உத்தரவைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

மஹபூப் பாஷா அதைத் தமிழில் சொல்லச் சொல்லி ஒரு தடவை கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். அப்புறம் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“ரெண்டு வருஷம் அங்க இருந்தது வீண் போவல, பேட்டா. எழுந்து நிக்கறதுக்காவது கத்துக்கிட்டு வந்துட்ட. அது போவட்டும், பேஜார் ஆவாதே. இன்னைக்குத் தோலை வெளியில போடலாமா?”

ராஜம்மாளும் ஆட்களும் தோல்களைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். ஆபித் முற்றத்துக்குப் போய்க் காற்றுக்கு முகத்தைக் காட்டினான்; கிழக்கே பார்த்தான்; மலைப்பக்கம் பார்த்தான். அவசரப்படாமல் பார்த்தான்.

“மூணு மணி வரைக்கும் போடலாம்” என்றான்.